மார்ச் பதினெட்டுக்குள்

டுலூத் நகரில், பழைய தானியக் கிடங்குக்கு எதிரே
இரண்டாம் மாடி.
ஐலா கொய்விஸ்டோ, குடும்ப வழக்குகள்.
கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம்.
கொரினும் நானும் தனித்தனி வண்டியில்
ஒரே நேரத்தில் வந்துவிட்டோம்.
யார் முதலில் படியேறுவதென்று
பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாகக்
குழம்பி நின்றோம்.

எதிரெதிர் நாற்காலி அங்கே இல்லை.
மூன்றும் ஒரே பக்கம், ஜன்னலைப் பார்த்து.
முகம் பார்த்துச் சண்டை போட
வீடு இருக்கிறது உங்களுக்கு, என்றாள்.
இங்கே கணக்கைப் பார்ப்போம்.
கரண்டிக்கும் தட்டுக்கும் மல்லுக்கட்டினால்
என் கூரைக்குப் புது ஓடு வரும்.
எனக்கு ஒழுகும் கூரை பழகிவிட்டது.

யார் குற்றம் என்று கேட்காத மாநிலம் இது.
கேட்பார்கள் என்று நம்பி
ஆறு பக்கம் எழுதிப்போயிருந்தேன்.
வாங்கினாள். படிக்கவில்லை.
உறையிலிட்டு ஒட்டி என்னிடமே தந்தாள்:
ஒரு வருடம் கழித்துப் பிரியுங்கள்.
அப்போதும் உண்மையாக இருந்தால்
வந்து சொல்லுங்கள்.

தன் கதையை அவள் உட்கார்ந்து சொன்னதில்லை.
ஸ்டேப்லரில் பின் சிக்கியபோது கொஞ்சம்,
பிரிண்டர் முனகிய இடைவெளியில் கொஞ்சம்.
வக்கீலாகும் முன் பதினோரு வருடம்
இதே ஊர் நீதிமன்றத்தில்
சுருக்கெழுத்து இயந்திரம் தட்டியவள்.
ஒருவன் மனைவியை என்னவென்று ஏசினாலும்
எழுத்துப் பிசகாமல் தட்டவேண்டும்.
பிறர் வாயின் அமிலம் விரல்வழி இறங்கி
இரவில் மகன் தலையைக் கோதவே
கை கூசுமாம்.

ஒருமுறை சாட்சிக்கூண்டில் ஒரு பெண்,
கணவன் தப்பாய்ச் சொன்ன
தன் இருதய மாத்திரையின் பெயரைத்
திருத்திச் சொல்லிவிட்டு
அப்படியே நின்றாள்.
மாத்திரையின் பெயர் பதிவானது.
நின்றது பதிவாகவில்லை.
அந்த இயந்திரத்தில்
மௌனத்துக்கு விசை இல்லை, என்றாள் ஐலா.
அந்த வாரமே இரவுக் கல்லூரிக்கு
விண்ணப்பம் வாங்கினாளாம்.

சட்டத்தில் பிரிவுக்கு எண் உண்டு,
உட்பிரிவுக்கு எழுத்து உண்டு.
எங்கள் பிரிவுக்கு அவள் வைத்தது
இரண்டு பத்திகொண்ட ஒரு தாள்:
கொரின், வெண்டல்.
டில்டா பள்ளி முடிக்கும்வரை வீடு கொரினுக்கு.
ஓய்வூதியம் பாதிப்பாதி.
நாய், டில்டா எங்கேயோ அங்கே.
எல்லாம் மூன்று வாரத்தில் நிரம்பியது,
உறைந்த ஏரிமேல் நிற்கும்
எங்கள் மீன்பிடிக் குடிசை தவிர.

எனக்கு வேண்டாம், என்றோம்
இருவரும் ஒரே குரலில்.
ஆசைப்பட்டு முட்டியிருந்தால் எளிது.
வேண்டாததைப் பங்கிட
எந்தச் சட்டத்திலும் வழியில்லை போல.
ஐலா காலண்டரைப் பார்த்தாள்.
மார்ச் பதினெட்டுக்குள் அகற்றாவிட்டால் அபராதம்.
நீதிபதி வாய்தா தருவார், என்றாள்.
ஏரி தராது.

சனிக்கிழமை போனோம்.
சறுக்குக்கட்டைகள் பனியில் இறுகியிருந்தன.
நான் உளியால் கொத்த, அவள் நெம்ப,
கயிற்று முடிச்சு பற்றிக் கால்மணி நேரம்
வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டோம்.
உள்சுவரில் அவள் கையெழுத்து:
வெண்டல் வழுக்கி விழுந்தான், மீன் இல்லை.
பாதி தூரம் இழுத்தபோது
காலடியில் ஏரி ஒருமுறை முறிந்து முனகியது.
இருவரும் நின்றோம்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
பிறகு அவள் கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

கரையில் இலவசம் என்று எழுதி நிறுத்தினோம்.
திங்களன்று அது அங்கே இல்லை.

ஒப்பந்தத்தில் பதினான்காவது வரி,
ஐலாவே தட்டியது:
மீன்பிடிக் குடிசை, இரு தரப்பினராலும்
கரை சேர்க்கப்பட்டது.

அந்த ஆறு பக்கம்
என் வண்டியின் முன்பெட்டியில் கிடக்கிறது.
இன்னும் ஐந்து மாதம் பாக்கி.